நடுவில் ஒரு மூட்டு

தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஒன்று கேட்கட்டுமா, தாயி? அந்த ஜன்னலோரத்தை எனக்கு விட்டுத்தர முடியுமா? இப்போதே வேண்டும் என்றில்லை, தாராபுரம் தாண்டிக் கொடுத்தாலும் போதும். காற்றுக்காகக் கேட்கவில்லை. திருப்பூரில், கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் என் தம்பி மகள் வந்து நிற்பாள். அவள் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அவளைப் பார்த்துவிட வேண்டும். அவள் நடையைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வலியை மறைத்துக்கொள்ளும், உங்களுக்குத் தெரியாததா. நாம் பார்ப்பது தெரியாமல் நடக்கும்போதுதான் கால் உண்மையைச் சொல்லும்.

அட, இப்போதே எழுந்துவிட்டீர்களே. மகராசியாக இருங்கள். இந்தப் பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். உள்ளே பிளாஸ்க் இருக்கிறது. வெந்நீர்தான். குடிக்க இல்லை, துணியை நனைத்து முட்டியில் போட. எனக்கு இல்லை, அவளுக்கு. பஸ்ஸுக்காக நின்று நின்று கால் பிடித்துக்கொண்டிருக்கும்.

நான் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. வேடசந்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயாவாக இருந்தேன். டீச்சர்மார் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவேன். அரிசி அளப்பதும் பருப்பு அளப்பதும்தான் வேலை, அதில் பேச்சுக்கு என்ன இருக்கிறது? ஆனால் நான் அளந்து வைத்தால் யாரும் மறுபடி அளந்து பார்க்க மாட்டார்கள். ஒரு பிடி கூடாது, ஒரு பிடி குறையாது. என் வாயும் அப்படித்தான். பொய் சொல்கிறாள் என்று ஒருவர் என்னைச் சொன்னதில்லை, அந்த ஒரு வருஷத்தைத் தவிர.

தம்பி பெயர் சௌந்தரபாண்டி. அவனும் அவன் பெண்டாட்டி ரேணுகாவும் திருப்பூரில் பனியன் கம்பெனி. அவன் வீட்டுக்கு வரும்போது அவள் ஷிப்டுக்குக் கிளம்புவாள். நடுவில் பிள்ளையை யார் பார்ப்பது? எனக்கோ வீட்டுக்காரர் போய் வெகுகாலம், பிள்ளையும் இல்லை. அஞ்சு வயசில் என்னிடம் கொண்டுவந்து விட்டான். மிருதுளா என்று பெயர். எங்கள் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தேன். அடுப்படியில் நான், வகுப்பில் அவள். சாப்பாட்டு மணி அடித்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு முதலில் ஓடிவருவாள். அப்படி ஓடிவந்த பிள்ளைதான்.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. பாயில் கிடந்தபடியே, "அத்தை, கால் மடங்க மாட்டேங்குது" என்றாள். சோம்பல் என்றார்கள் அக்கம்பக்கத்தில். பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்கச் சாக்கு என்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையில் மரக்கட்டை. வெயில் ஏற ஏற அசைவு வரும். சாயங்காலம் பார்த்தால் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருப்பாள். எந்தச் சோம்பல் இப்படி நேரம் பார்த்து வந்துவிட்டு நேரம் பார்த்துப் போகும்? பிறகு வலது முட்டி வீங்கியது. விளாங்காய் மாதிரி. தொட்டால் சுட்டது. எண்ணெய் போட்டுப் பார்த்தோம், திண்டுக்கல்லில் ஊசி போட்டுப் பார்த்தோம், கடைசியில் மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

மதுரை டாக்டர் ஒரு அம்மா. நல்லவள். பொறுமையாகத்தான் சொன்னாள். வாசல் காவல்காரன் திருடனை விட்டுவிட்டு வீட்டு ஆளையே அடிக்கிற மாதிரி, உடம்பே தன் மூட்டை அடிக்கிறதாம். வயசானவர்களுக்குத்தானே அம்மா இதெல்லாம் வரும் என்றேன். பிள்ளைகளுக்கும் வரும் என்று சொல்லி, நோய்க்கு ஒரு பெயரும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பெயரைச் சொல்லி வையுங்கள், பிள்ளையைத் தரையில் உட்கார வைக்காமல் பெஞ்சு கொடுப்பார்கள், எழுத நேரமானால் அடிக்க மாட்டார்கள் என்றாள். நான் அந்தப் பெயரை விட்டுவிடக் கூடாது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். பிள்ளை என் மடியில் தூங்கிக்கொண்டு வந்தாள்.

மாத்திரை வாரத்துக்கு ஒருநாள்தான். அதைத் தினம் கொடுத்துவிடக் கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னாள். எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும். சனிக்கிழமை, சாப்பிட்டபிறகு. அந்த மஞ்சள் மாத்திரையைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். மலைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தேன், கொஞ்ச நாளில் மலைப்பழத்தைக் கண்டாலும் குமட்ட ஆரம்பித்துவிட்டது. ரத்தம் பார்க்க வேண்டும். கண்ணைக்கூடப் பார்க்க வேண்டும் என்றாள். முட்டிக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்குக் கூச்சம், ஆனால் தவறாமல் கூட்டிப்போனேன். காலையில் அவள் கண் விழிக்கும் முன்னாலேயே வெந்நீர் தயாராக இருக்கும். என் முழங்கையை விட்டுப் பார்ப்பேன், முழங்கை தாங்கினால் அவள் முட்டி தாங்கும். துண்டை நனைத்துப் பிழிந்து சுற்றிவைத்தால், மெல்ல மெல்ல அந்தக் கால் நீளும். ஒரு பூட்டு திறக்கிற மாதிரி இருக்கும். "இப்ப சரியாயிருச்சு அத்தை" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் எந்த நேரத்திலும் எழுந்திருப்பேன்.

என்ன கேட்டீர்கள்? ஓடி ஆடி விளையாட விடலாமா என்றா? விடச் சொல்லித்தான் டாக்டரும் ஏதோ சொன்னாள். காலுக்கு வேலை கொடுக்க வேண்டுமாம், நடக்கவிடு, ஓடவிடு என்று. வலிக்கிற பிள்ளையைப் போய் ஓடு என்று எந்த மனுஷி சொல்வாள்? அவர்கள் படித்தவர்கள், சொல்வார்கள். வளர்க்கிறவளுக்கல்லவா தெரியும்.

பள்ளிக்கூடத்தில் ஜெபமணி டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அந்த டீச்சரிடம் நானாகப் போய்ப் பேசினது அதுதான் முதல் தடவை. முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டே சொன்னேன். "மதுரையில பாத்தோம் டீச்சர். இளம்பிள்ளை வாதமாம்."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டாள். முகம் மாறிவிட்டது. அன்றைக்கே பிள்ளைக்கு பெஞ்சு வந்தது. தலைமையாசிரியர் வந்து தலையைத் தடவிவிட்டுப் போனார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன்.

ரெண்டு நாள் போயிருக்கும். சுகாதார நர்ஸ் ஓட்டமும் நடையுமாக வருகிறாள். நேரே அடுப்படிக்கு வந்து, பிள்ளைக்குச் சொட்டு மருந்து கொடுத்தீர்களா இல்லையா, எங்கே கொடுத்தீர்கள், எந்த மாசம், ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை எங்கே, காட்டு என்றாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் கூட்டிப்போனேன். அது சாயங்கால நேரம். மிருது அங்கே பாண்டிக் கட்டத்தில் ஒற்றைக்காலில் தாவிக்கொண்டிருந்தாள். நர்ஸ் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போலியோ வந்த பிள்ளையா இது? வயித்தைக் கலக்கிட்டியே ஆயா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜெபமணி டீச்சர் சிரிக்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் தட்டோடு நிற்கும்போது என்னிடம் வந்தாள். "ஏன் ஆயா, வாதம்னு சொல்லி எங்க எல்லாத்தையும் அழ வச்சியே. ஒம் பிள்ளை மான் மாதிரில்ல ஓடுது?"

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. மிருது வரிசையில் முதலில் நின்றாள். டீச்சரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பின்னாலிருந்து ஏதோ ஒரு வாண்டு "பொய்யாயா" என்றது. அதிலிருந்து அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. பிள்ளைகள் சோறு வாங்கும்போது கூசாமல் சொல்லும். "பொய்யாயா, இன்னும் கொஞ்சம் சாம்பார்."

நான் ஊற்றிவிட்டு அடுத்த தட்டைப் பார்ப்பேன். ஆனால் தாயி, மான் மாதிரி ஓடுகிறது என்று ஒரு பெரிய மனுஷி நாலு பேர் நடுவில் சொல்லலாமா? அதுவும் சாப்பாட்டு நேரத்தில்? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. அன்று சாயங்காலமே மிளகாயும் உப்பும் தெருமண்ணும் எடுத்து அவளை உட்காரவைத்துச் சுற்றினேன். அடுப்பில் போட்டால் மிளகாய் கமறவே இல்லை. அவ்வளவு திருஷ்டி. அப்போது அவள் கேட்டாள்.

"அத்தை, நான் ஓடினா நீங்க பொய் சொன்னதா ஆயிருமா?"

"அத்தை எங்கடா பொய் சொன்னேன்? நீ ஓடாம இரு. அது போதும்" என்றேன். தலையை ஆட்டினாள்.

நீங்களே பாருங்கள் அந்தக் கண்ணின் வேலையை. மறுநாளே கால் விழுந்துவிட்டது. அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது கால் லேசாகிவிடும். இப்போது பள்ளிக்கூட வாசலை மிதித்ததுமே நொண்டல் ஆரம்பிக்கும். சாப்பாட்டு வரிசைக்குக் கடைசியில் வருவாள், சுவரைப் பிடித்துப் பிடித்து. ஜெபமணி டீச்சர் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பமாட்டாள். "பொய்யாயா" என்பதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. பாண்டி ஆடுவதும் நின்றது. சாயங்காலம் வந்து அடுப்படிப் படியில் உட்கார்ந்து, மற்றப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். விளையாடப் போகலையா என்றால், "கால் வலிக்குது அத்தை" என்பாள். எவ்வளவு பொறுமையான பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் பார்த்தால் இடது காலை இழுத்துக்கொண்டு வருகிறாள். வலது முட்டியல்லவா வீக்கம்? "எந்தக் கால்டா வலிக்குது?" என்றேன். நின்றாள். குனிந்து ரெண்டு காலையும் பார்த்தாள். பிறகு வலது காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதுதான் இந்த நோயின் குணம் தாயி. வாதம் என்றால் வாயு. வாயு ஓரிடத்தில் நிற்காது. இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று ஓடும்.

அதன்பிறகு நான் அவளை நடக்கவிடவில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு போவேன், தூக்கிக்கொண்டு வருவேன். எட்டு வயசுப் பிள்ளை, என் முதுகு என்ன பாடுபட்டிருக்கும். ஆனால் சொல்லக் கூடாது, அந்த நாளில் எனக்கு ஒரு குறையும் இருந்ததாக நினைவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வருவாள். காதோரம் அவள் மூச்சு படும்.

பிறகு மதுரைக்குப் போகிற தேதி வந்தது. அந்தத் தடவை சௌந்தரபாண்டியும் லீவு போட்டு வந்திருந்தான். டாக்டர் நாடாவை எடுத்து ரெண்டு தொடையையும் அளந்தாள். முகம் சுளித்தாள். வீக்கம் வற்றியிருக்கிறது, ரத்தமும் நன்றாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன் தொடை இப்படிச் சூம்பியிருக்கிறது, பிள்ளை நடப்பதே இல்லையா என்றாள். நான் தூக்கிக்கொண்டுதான் போகிறேன் என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் என்ன நோய் என்று சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

டாக்டர் நாடாவைச் சுருட்டி வைத்தாள். பிறகு, "அம்மா, அது போலியோவுக்குச் சொல்றது. இது மூட்டுவாதம். சின்னப் பிள்ளைகளுக்கு வர்ற மூட்டுவாதம்" என்றாள்.

நடுவில் ஒரு மூட்டு. அவ்வளவுதான் தாயி. மதுரையில் ஏறும்போது என்னிடம் இருந்திருக்கிறது. கொடைரோடு பக்கம் எங்கேயோ இறங்கிவிட்டது போல. சின்னப் பிள்ளை என்றால் இளம்பிள்ளைதானே? வாதம் வாதம்தானே? ஒரு மூட்டு விட்டுப்போனதற்கு இவ்வளவா?

அப்புறம் டாக்டர் என்னை வெளியில் இருக்கச் சொன்னாள். பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டுமாம். தம்பி உள்ளே இருந்தான். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. எட்டிப் பார்த்தேன். டாக்டர் ஏதோ கேட்கிறாள், மிருது தரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள். சொல்லச் சொல்ல அழுகிறாள். டாக்டர் கீழே மண்டி போட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பார்த்தால், தாயி, பிள்ளை எழுந்து அந்த அறைக்குள்ளேயே நடக்கிறாள். நேராக நடக்கிறாள். சுவர் வரை போய்த் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடிவருகிறாள். எனக்குக் கண்ணாடியில் மூச்சு பட்டு எல்லாம் மங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். என்ன கைராசி அந்த டாக்டருக்கு என்று நினைத்தேன்.

சௌந்தரபாண்டி வெளியில் வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. "பிள்ளை இனிமே எங்ககூட இருக்கட்டும்க்கா" என்றான். ரேணுகா ஷிப்டை மாற்றிக்கொள்வாள் என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தாலாவது நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே திருப்பூர் பஸ்ஸுக்குக் கூட்டிப்போனான். அவளுடைய பாவாடை சட்டையெல்லாம் என் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

உள்ளே அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் பிள்ளை பெற்றவர். நீங்கள் சொல்லுங்கள், அவள் என்ன சொல்லியிருப்பாள்?

சரி, விடுங்கள். உங்களுக்கும் எப்படித் தெரியும்.

இப்போது அவள் ஏழாம் வகுப்பு போகப்போகிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவாள். பள்ளிக்கூடம், பரீட்சை, தோழி வீட்டு நாய்க்குட்டி என்று எல்லாம் சொல்வாள், குரலில் அப்படி ஒரு துள்ளல். வலிக்குதாடா என்று நான் கேட்டதும் கொஞ்சம் நிறுத்துவாள். பிறகு, "கொஞ்சம் வலிக்குது அத்தை" என்பாள். ரேணுகாவிடம் கேட்டால் வலியே இல்லை என்கிறாள், மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள் என்கிறாள். பெற்றவளிடம் சொல்லாததை என்னிடம் சொல்கிறாள், பாருங்கள். என்னிடம் மட்டும்தான் உண்மையைச் சொல்கிறாள்.

என் வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. அவள் குந்தி உட்கார முடியாது என்று நாற்காலி மாதிரிக் கக்கூஸ் போட்டேனே, அது இருக்கிறது. குழாயில் திருகுகிற பிடியை எடுத்துவிட்டு, விரல் நோகாமல் தட்டினாலே திறக்கிற நீளப் பிடி போட்டேன். காலையில் விழிப்பு வந்துவிடும், வெந்நீர் வைத்துவிடுவேன். பழக்கம். வைத்தபிறகு கொட்ட மனம் வராமல் துண்டை நனைத்து என் முட்டியிலேயே போட்டுக்கொள்வேன். எனக்கும் இப்போது பிடிக்கிறது. நீளும்போது யாரிடம் போய் சரியாகிவிட்டது என்று சொல்வது?

இந்தத் தடவை சௌந்தரபாண்டியேதான் கூப்பிட்டான். லீவுதானே, வந்து நாலு நாள் இருந்துட்டுப் போ என்றான். கூப்பிடாமல் நான் எப்படிப் போவேன், எனக்குக் கூச்சம். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் கூப்பிட்டிருக்கிறான். நாலு நாள் இருக்கப்போவதில்லை நான். கேட்கப்போகிறேன். பிள்ளையை என்னோடு அனுப்பு, எங்கள் ஊரிலும் பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது என்று. ராத்திரியெல்லாம் எப்படிக் கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒரு வார்த்தை விட்டுப்போகாமல் சொல்லிவிடுவேன். நடப்பதை மட்டும் முதலில் என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நன்றாக நடந்தால் சரி, வாயைத் திறக்கமாட்டேன். பார்த்துவிட்டு மூணாம் நாள் திரும்பிவிடுவேன். சத்தியமாக. அவள் கால் நன்றாக இருந்தால் எனக்கு அங்கே என்ன வேலை?

வந்துவிட்டோமா? இதுதானா கோவில்வழி? எவ்வளவு கூட்டம். தண்ணீர்த் தொட்டி பக்கம் நிற்பேன் என்றாள். மஞ்சள் சுடிதார் போட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.

அதோ. அதோ தாயி, ரெட்டைச் சடை. அவள்தான். என்ன உயரம் வளர்ந்துவிட்டாள். பஸ்ஸைப் பார்த்துவிட்டாள். ஓடிவருகிறாள். அந்தத் தடுப்புச் சங்கிலியைத் தாண்டுகிறாள் பாருங்கள். சடை ரெண்டும் பறக்கிறது. ஓடுகிறாளே தாயி. மிருது. மிருதும்மா. இங்கே. இந்த ஜன்னல்.

பார்த்துவிட்டாள். கை காட்டுகிறாள்.

ஏன் நின்றுவிட்டாள்?

நடந்து வருகிறாள். இழுக்கிறாள் பாருங்கள். காலை இழுத்து இழுத்து வருகிறாள். நான் சொன்னேனா இல்லையா? ஓடினது தப்பு, அதனால்தான் பிடித்துக்கொண்டது. இருங்கள். அது வலது காலல்லவா? இவள் இடது காலையல்லவா இழுக்கிறாள்? இடதுதான். நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள், உங்களுக்கும் இடதுதானே தெரிகிறது?

ஓடிவிட்டது தாயி. அந்தக் காலுக்கும் ஓடிவிட்டது. ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை, பாருங்கள். கொஞ்சம் வழிவிடுங்கள். இந்தப் பையைப் பிடியுங்கள், பிளாஸ்க்கை எடுக்க வேண்டும்.